பாதி எரிந்த கொடி

உங்கள் கம்பெனி வாசலில் நிற்கும் கொடிக்கம்பத்துக்கு யார் பொறுப்பு என்று போன மாதம் ஒரு கூட்டத்தில் கேட்டேன். அட்மின் வேலைக்குப் புதிதாக வந்த முப்பது பேர் உட்கார்ந்திருந்தீர்கள். பாதிப் பேர் "செக்யூரிட்டி" என்றீர்கள். ஒருவர் "ஹவுஸ்கீப்பிங்" என்றார். இன்னொருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே "ஏஜென்சி" என்றார். கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களும் என் மேல் கோபப்படுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் புனேயில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் அட்மின் பார்த்து ஓய்வு பெற்றவள். தொண்ணூறுகளின் நடுவில் சேர்ந்தேன். அட்மின் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேப் வரவில்லை, ஏசி ஓடவில்லை, கழிவறையில் தண்ணீர் இல்லை, கேன்டீன் சாம்பாரில் சர்க்கரை போட்டிருக்கிறான், எல்லாவற்றுக்கும் நாம்தான். அதெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடும். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. 2005 ஜூன் மாதம் நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் கொடி எனக்கு வருடத்தில் இரண்டு நாள் வேலை. ஆகஸ்ட் பதினைந்து, ஜனவரி இருபத்தாறு. அன்றைக்கெல்லாம் தனியார் யாரும் நினைத்த நாளில் தேசியக் கொடியை ஏற்றிவிட முடியாது. இந்த மாதிரி சில நாட்களில் மட்டும்தான் அனுமதி. அந்த இரண்டு நாளும் லீவு என்பதால் இன்ஜினியர்கள் லோணாவளா மலைக்குச் சுற்றப் போய்விடுவார்கள். கொடிக்குக் கீழே நிற்பது நானும் வாட்ச்மேன்களும் கழிவறை கழுவும் பெண்களும். ஆளுக்கு ஒரு ஜிலேபிப் பொட்டலம் கொடுத்து முடித்துக்கொள்வோம். மறுநாள் காலையில் பார்த்தால் சாலை முழுக்கப் பிளாஸ்டிக் கொடிகள் கிடக்கும். சிக்னலில் கார் கண்ணாடி வழியாக வாங்கி, அடுத்த சிக்னலில் போட்டுவிட்டுப் போனவை. மாநகராட்சிக்காரர் துடைப்பத்தால் கூட்டி வண்டியில் அள்ளுவார். அவர் மேல் யாரும் வழக்குப் போட்டதில்லை. கொடியைச் சாலையில் வீசியவர்கள் மேலும் போட்டதில்லை.

பிறகு ஒரு தொழிலதிபர், தன் தொழிற்சாலையில் கொடி ஏற்றத் தடை சொன்னதை எதிர்த்து வருடக்கணக்கில் கோர்ட்டில் நின்றார். அதன் பலனாக விதி மாறியது. 2002 ஜனவரி 26 முதல் யார் வேண்டுமானாலும் எந்த நாளிலும் ஏற்றலாம், ஆனால் மரியாதையோடு ஏற்ற வேண்டும் என்று வந்தது. எங்கள் கம்பெனி அதற்குள் ஊருக்கு வெளியே ஹிஞ்சேவாடியில் சொந்தக் கட்டடத்துக்கு வந்திருந்தது. எம்.டி. என்னைக் கூப்பிட்டு, பக்கத்துக் கம்பெனி வைக்கப் போகும் கம்பத்தைவிட நம்முடையது உயரமாக இருக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. தினமும் யார் ஏற்றுவது, யார் இறக்குவது, கிழிந்தால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவே இல்லை. விதிப் புத்தகத்தை நான்தான் தேடி வாங்கி வந்து படித்தேன். என் மேஜையின் முதல் இழுப்பறையில் வைத்திருந்தேன்.

அதில் ஒரு விதி உண்டு. கொடி கிழிந்தோ கறைபட்டோ போனால் அதைத் தூக்கி எறியக் கூடாது. யார் கண்ணிலும் படாத இடத்தில், முழுவதுமாக அழித்துவிட வேண்டும். எரிப்பது நல்லது. இது சர்க்கார் எழுதிய விதி. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹவில்தார் சம்பந்தத்துக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு நான் சொல்லித்தர வேண்டிய அவசியம் வரவில்லை. செக்யூரிட்டி ஏஜென்சி எங்களுக்கு அனுப்பிய சூப்பர்வைசர் அவர். வேலூர்ப் பக்கத்துக்காரர். இருபது வருடத்துக்கு மேல் ராணுவத்தில் இருந்துவிட்டு, புனேயிலேயே ரிட்டையராகி, எங்களைப் போல வானவடியில் குடியிருந்தார். என் கணவர் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் எங்களுக்குள் கொஞ்சம் பேச்சு உண்டு. நான் திருநெல்வேலி.

"உங்க ஊர்க்காரங்களுக்கு உத்தரவு போடத்தான் மேடம் தெரியும்" என்பார்.

"உங்க ஊர்ல வெயிலத் தவிர வேற என்னவே இருக்கு?" என்பேன்.

தினமும் சூரியன் வரும்போது கொடியை ஏற்றுவார். சாயும்போது இறக்குவார். இறக்கும்போது தரையைத் தொடவிடாமல் தோளில் வாங்கிக்கொள்வார். மடித்து, செக்யூரிட்டி ரூமில் ஒரு இரும்புப் பெட்டியில் வைப்பார். மூன்று வருடத்துக்கும் மேலாக நான் சொல்லி அவர் செய்ததில்லை, அவராகச் செய்தார். அதற்குள் இரண்டு கொடிகள் வெயிலிலும் காற்றிலும் நைந்துபோயின. இரண்டையும் நான்கு பக்கமும் சுவர் உள்ள ஸ்கிராப் யார்டுக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு, தகரத் தட்டில் வைத்து எரித்தார். எரிந்து முடியும் வரை விறைப்பாக நின்றிருப்பார். இரண்டு முறையும் நான் கூட நின்றேன். மூன்றாவது முறை நிற்கவில்லை.

டிசம்பர் ஏழாம் தேதி கொடி நாள். பள்ளிக்கூடத்தில் சட்டையில் குத்திக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். எதற்கு என்று தெரியாமல் குத்திக்கொண்டிருப்பீர்கள். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கும், அங்கே செத்துப்போனவர்களின் குடும்பங்களுக்கும் உதவுவதற்காக வைத்த நாள் அது. எங்கள் கேன்டீன் வாசலில் சம்பந்தம் அந்தச் சின்னக் கொடிகளோடு நிற்பார். எல்லாரும் வாங்கிக் குத்திக்கொண்டு "தேங்க்யூ அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கொடி யாருக்காகவோ அவரே எதிரில் நிற்கிறார் என்பது ஒருவருக்கும் உறைத்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் எச்.ஆர். தலைவர் பெயர் நிகில். கெட்டிக்காரன். ஆனால் எதையும் போட்டோவில் எப்படித் தெரியும் என்று மட்டுமே பார்ப்பான். நாங்கள் இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசுவோம், இங்கே தமிழில் எழுதுகிறேன். ஜூன் பதினாலாம் தேதி அமெரிக்காவிலிருந்து ஒரு கிளையண்ட் வருகிறார், அன்றைக்கு அவர்கள் நாட்டில் கொடி நாளாம், கேன்டீனில் அதைக் கொண்டாடி அவரை ஆச்சரியப்படுத்தப் போகிறோம் என்று வந்து நின்றான்.

"அவங்க ஊர்ல அன்னிக்கு லீவா?" என்று கேட்டேன்.

"தெரியாது. நெட்ல போட்டிருக்கு. ஆயிரத்து எழுநூத்தி எழுபத்தேழுல, அந்தத் தேதியில, அவங்க கொடி இப்படித்தான் இருக்கணும்னு தீர்மானம் போட்டாங்களாம்."

"சரி. நம்ம கொடிக்கு எப்ப தீர்மானம் போட்டாங்க?"

"ஆகஸ்ட் பதினஞ்சு."

"ஜூலை இருபத்திரண்டு. சுதந்திரம் வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி. ராட்டையை எடுத்துட்டு சக்கரத்தை வெச்சாங்க. அந்த நாளைக் கொண்டாடலாமா? அதுவும் அடுத்த மாசம்தான் வருது."

அவன் சிரித்தான். "மேடம், நீங்க ஹிஸ்டரி டீச்சரா போயிருக்கணும். ஜூலையில கிளையண்ட் யாரும் வரலையே. ரெண்டு நாட்டுக் கொடியும் நாளைக்குள்ள வேணும்."

அவர்கள் ஊரில் அன்றைக்குப் பெரும்பாலான ஆபீஸ்களில் லீவு கூடக் கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் அரை நாள் வேலையை நிறுத்தினோம்.

பதிமூன்றாம் தேதி மத்தியானம் மழைக்கு முந்திய காற்று ஒன்று அடித்தது. வாசல் கொடி ஓரத்தில் ஒரு முழம் கிழிந்துபோனது. நான் கேன்டீனில் வைக்க வேண்டிய கொடிகளை வாங்க ஊருக்குள் கிளம்பிக்கொண்டிருந்தேன். கேப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டே சம்பந்தத்திடம் சொன்னேன்.

"ஹவில்தார், கொடி கிழிஞ்சிட்டு. எறக்கிருங்க. வாசலுக்கும் சேர்த்துப் புதுசு வாங்கிட்டு வாரேன்."

"பழச இன்னா பண்றது மேடம்?"

"எரிச்சிருங்க. எப்பவும் செய்ற எடத்துல."

"ஸ்கிராப் யார்டு சாவி?"

"உங்க ரூம்லதான் இருக்கும், பாருங்க."

சாவி என் கைப்பையில் இருந்தது. காலையில் அலங்காரச் சாமான் பெட்டிகளை யார்டுக்குள் வைக்கத் திறந்துவிட்டு, பைக்குள் போட்டுக்கொண்டவள் நான்தான்.

அவர் சாவியைத் தேடியிருக்கிறார். என் மொபைலுக்கு மூன்று முறை அடித்திருக்கிறார். கடைத்தெரு இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. செக்யூரிட்டி ரூம் கூரை ஒழுகும். துணி நனைந்தால் பாதியில் அணைந்துவிடும், பாதியில் அணைந்தால் மரியாதை இல்லை என்று நினைத்திருக்கிறார். அதனால் கேட் ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு, ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் போயிருக்கிறார். அங்கே யாரும் வர மாட்டார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் நான் கேட் பக்கம் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று ஒரு சர்க்குலர் போட்டிருந்தேன். பிடிக்கிறவர்கள் எல்லாம் இடம் மாறி, தீப்பிடித்தால் இறங்குவதற்காகக் கட்டிய வெளிப்படிக்கட்டுக்குப் போயிருந்தார்கள். அந்தப் படிக்கட்டு ஜெனரேட்டர் கொட்டகைக்கு நேர் மேலே. சாவியும் என் தப்பு, சர்க்குலரும் என்னுடையது. இதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நான் திரும்பி வந்தபோது மணி நாலரை இருக்கும். பின்பக்கம் ஒரே சத்தம். போய்ப் பார்த்தேன். நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கி வந்து அடித்திருந்தார்கள். தட்டு கவிழ்ந்து கிடந்தது. கொடியில் காவி முழுக்கப் போயிருந்தது. சக்கரத்தில் பாதி மிச்சம். பச்சைப் பக்கம் அப்போதுதான் விழுந்த தூறலில் குழைந்த சேற்றில் கிடந்தது. அதன் மேல் வெள்ளைப் பொடி, பொடிக்கு மேல் ஒரு ஷூவின் தடம். கொடியை அவமானம் செய்துவிட்டான் என்று கத்திக்கொண்டிருந்தவர்கள்தான் அதன் மேல் நின்றிருக்கிறார்கள். ஒருவனும் குனிந்து கீழே பார்க்கவில்லை.

சம்பந்தத்தை அவருடைய காவலாளிகள் இரண்டு பேரே கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். அவர் ஒரே வாக்கியத்தை இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூரா ஜல்னே தோ சாப். பூரா ஜல்னே தோ."

முழுசாக எரிய விடுங்கள் என்று கெஞ்சினார். கேட்டவர்களுக்கு அது திமிராகக் கேட்டது. "பாரு, இன்னும் அதையே சொல்றான்" என்றான் ஒருவன்.

கூட்டத்தில் கார்த்திக் என்று ஒரு இன்ஜினியர் இருந்தான். சென்னைப் பையன். வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும், பாணேரில் நண்பர்களோடு பிளாட் எடுத்துத் தங்கியிருந்தான். படிக்கட்டில் நின்று முதலில் பார்த்தவனும், போனில் படம் எடுத்து எல்லாருக்கும் மெயில் போட்டவனும் அவன்தான். சம்பந்தம் அவனைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"தம்பி, நீயாவது சொல்லுப்பா இவங்களுக்கு. பாதியில நிறுத்தக் கூடாது. முழுசா எரிஞ்சாத்தான் அதுக்கு மரியாதை."

கார்த்திக் பக்கத்தில் நின்றவனிடம், "ஐ டோன்ட் நோ திஸ் கை" என்றான்.

அப்புறம் சம்பந்தம் என்னைப் பார்த்தார். இவங்கதான் சொன்னாங்க என்று அவர் கை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

நிகில் என்னிடம் வந்தான். "மேடம், இது உங்களுக்குத் தெரியுமா?"

"பழைய கொடியை எடுத்துடச் சொன்னேன்" என்றேன்.

"எரிக்கச் சொன்னீங்களா?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இவங்களும் மதராசிதான்."

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "விதி என்னன்னு பார்க்கணும்" என்றேன்.

விதி என் இழுப்பறையில் இருந்தது. எனக்கு மனப்பாடம். கொடியைப் பொது இடத்தில் எரித்தால் மூன்று வருடம் வரை உள்ளே போக வேண்டும் என்ற சட்டமும் எனக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் இரண்டாவதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பயம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. நான் புருஷனுக்காக யோசித்தேன், பிள்ளைகளுக்காக யோசித்தேன் என்று உங்களிடம் கதை விட மாட்டேன்.

நிகில் அவன் பாணியில் முடிவு எடுத்தான். ஏஜென்சிக்குப் போன் போட்டு அரை மணி நேரத்தில் சம்பந்தத்தை வெளியே அனுப்பினான். போலீஸில் புகார் கொடுப்பது என்றும் முடிவு செய்தான், ஆனால் கிளையண்ட் இருக்கும்போது வாசலில் ஜீப் நிற்கக் கூடாது, அவர் நாளை சாயங்காலம் கிளம்பிய பிறகு கொடுக்கலாம் என்றான். பாதி எரிந்த கொடியைச் சாட்சியாக ஒரு கடைப் பையில் போட்டுத் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினான். அந்தப் பையில் ஏதோ செருப்புக் கடையின் பெயர் இருந்தது.

ஆக, எனக்கு மறுநாள் சாயங்காலம் வரை நேரம் இருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அன்றைக்குச் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் கேப்பில் போனேன். புதிதாக வந்த காவலாளிக்குக் கொடியைக் கயிற்றில் மாட்டத் தெரியவில்லை. நானே ஏற்றினேன். ஏற்றிவிட்டுச் செக்யூரிட்டி ரூமில் ரிஜிஸ்டரைத் திறந்தேன். பதிமூன்றாம் தேதிப் பக்கத்தில், சம்பந்தத்தின் தடித்த இங்கிலீஷ் எழுத்தில், மூன்று நாற்பதுக்கு ஒரு வரி இருந்தது. அட்மின் மேடம் உத்தரவுப்படி பழைய கொடியை எரிக்க எடுத்துப் போகிறேன், சாவி கிடைக்கவில்லை, மேடம் போன் எடுக்கவில்லை.

நேற்று அவரிடம் இந்த வரி இருந்தது. அந்த ரூமிலிருந்து இதை எடுத்து வந்து நிகில் முகத்துக்கு முன்னால் நீட்டியிருந்தால் போதும். அவர் நீட்டவில்லை. நானே சொல்வேன் என்று நினைத்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தின் மூலையை நான் இரண்டு விரலால் பிடித்தேன். கிழித்தால் முடிந்தது. கிழிக்கவில்லை. நல்ல மனசு என்று நினைக்காதீர்கள். புதுக் காவலாளி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. ரிஜிஸ்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பதினொரு மணிக்குக் கேன்டீனில் கொண்டாட்டம். இரண்டு கொடிகளும் ஒரே அளவில், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், நம்முடையது பார்க்கிறவர்களுக்கு இடது பக்கம் நிற்க வேண்டும் என்று காலையிலும் ஒரு சண்டை போட்டுச் சரி செய்திருந்தேன். கொடிகளைச் சரியாக நிறுத்த எனக்குத் தைரியம் இருந்தது, பாருங்கள். நிகில் அமெரிக்கக் கொடியின் வரலாற்றைப் பேப்பரைப் பார்த்துப் படித்தான். எத்தனை பட்டை, எத்தனை நட்சத்திரம், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளைக் கொடியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னதிலிருந்து இந்த நாள் எப்படி வளர்ந்தது, எல்லாம். கைதட்டினார்கள்.

கிளையண்ட் வெள்ளைத் தலைப் பெரியவர். நல்ல மனிதர். ரொம்ப நன்றி என்றார். தன் ஊரில் கொடி நாளை எப்படிக் கொண்டாடுவார்கள் என்று சொன்னார். ஊரில் உள்ள எல்லா வீட்டிலிருந்தும் நைந்துபோன கொடிகளைச் சேர்ப்பார்களாம். பழைய ராணுவக்காரர்கள் ஒரு மைதானத்தில் தீ மூட்டி, ஒவ்வொன்றாக அதில் வைப்பார்களாம். ஊரே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, எல்லாம் எரிந்து முடியும் வரை பேசாமல் நிற்குமாம். சின்ன வயதில் தானும் கொடி எடுத்துப் போய்க் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

எல்லாரும் கைதட்டினார்கள். நேற்று சிலிண்டர் தூக்கி வந்தவன் தட்டினான். ஷூ போட்டு மிதித்தவன் யாரோ, அவனும் அங்கேதான் இருந்து தட்டியிருப்பான். நிகில் தலையை ஆட்டி ஆட்டி "பியூட்டிபுல்" என்றான்.

அப்போது எனக்கு வந்த கோபத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. நம் சர்க்கார் விதியைப் படித்து, நம் நாட்டு ராணுவக்காரர் செய்தால் அவர் தேசத்துரோகி. அதையே ஒரு வெள்ளைக்காரர் மைக்கில் சொன்னால் கண்ணில் தண்ணீர். ஆனால் இவர்கள் மேல் மட்டும் கோபம் வந்தது என்று சொன்னால் பொய். நானும் அந்தப் பெரியவர் சொல்லும் வரை வாயைத் திறக்கவில்லையே.

எழுந்து முன்னால் போனேன். ரிஜிஸ்டரை அந்த இரண்டு கொடிகளுக்கும் நடுவில் மேஜை மேல் போட்டேன்.

நிகில், "மேடம், அப்புறம் பேசிக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னான்.

"அப்புறம் இல்ல. இப்பவே."

என் இங்கிலீஷ் சுமார்தான். அதிலேயே சொன்னேன். இவர் சொன்னதைத்தான் நேற்று நம் ஹவில்தார் செய்தார். நீங்கள் பாதியில் அணைத்து மிதித்தீர்கள். அவரை எரிக்கச் சொன்னது நான். எழுதியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சாயங்காலம் புகார் கொடுப்பதாக இருந்தால் என் பெயரில் கொடுங்கள்.

கிளையண்ட் நிகிலைப் பார்த்து, "எந்த மனிதரைச் சொல்கிறார்? அவர் எங்கே?" என்று கேட்டார். நிகிலின் பேப்பரில் அதற்கு எதுவும் எழுதியிருக்கவில்லை.

நான் நேராக அவன் அறைக்கு நடந்தேன். பின்னாலேயே ஓடி வந்தான்.

"பையைக் குடு நிகில்."

"லீகல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்கு..."

"நேத்திலேர்ந்து அது உன் ஷூவுக்கும் பைலுக்கும் நடுவுல கெடக்கு. அவமானம்னு சொன்னியே, அதுக்குப் பேர் என்ன?"

கொடுத்தான். சாவி என் பையில்தான் இருந்தது. யார்டைத் திறந்தேன். அலங்காரப் பெட்டிகளை ஓரமாக இழுத்துப் போட்டேன். துணி ஈரம். பொடி வேறு. தீக்குச்சி ஒன்றொன்றாக அணைந்துகொண்டே வந்தது. கதவுப் பக்கம் நிழல் தட்டியது. கார்த்திக்.

"நானும் நிக்கலாமா மேடம்?"

"நேத்து எங்கப்பா நின்னே?"

அவன் அழுதுவிடுவான் போல இருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்பதும் கூடவே தோன்றியது.

"இது வேடிக்கை பாக்குற விஷயமில்ல. கதவைச் சாத்திட்டு வெளிய நில்லு. யாரையும் உள்ள விடாத."

நின்றான். முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் உள்ளே வரவில்லை. கடைசி நூல் வரை எரியவிட்டேன்.

அன்றைக்கே எம்.டி.க்கும் ஏஜென்சிக்கும் கடிதம் எழுதினேன். புகார் போகவில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். சம்பந்தத்தைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். உங்கள் உத்தரவில் ஒரு ஆள் தீக்குச்சியைக் கையில் எடுக்கிறான் என்றால், அந்த உத்தரவு உங்கள் கையெழுத்தோடு அவன் சட்டைப்பையில் இருக்க வேண்டும். முடிந்தால் நீங்கள் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே உத்தரவு போடாதீர்கள். நாற்பது பேர் சுற்றி நிற்கும்போது "பார்க்கணும்" என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தான் நம் தொழிலில் பாதிப் பேர் பிரமோஷன் வாங்குகிறார்கள். அதன் பிறகு நான் ஓய்வு பெறும் வரை எங்கள் கம்பெனியில் நைந்த ஒவ்வொரு கொடியையும் நான்தான் எரித்தேன். பொறுப்பு யார் என்று இனி யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, நான் எழுதிய கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு வானவடியில் அவர் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, கையை எடுக்காமல் நின்றார்.

"அவரு எரிச்சத நாப்பது பேரு பாத்தாங்களாம். நீங்க சொன்னத ஒருத்தரு கூடவா கேக்கல மேடம்?"

கடிதத்தை நீட்டினேன். அந்த அம்மா வாங்கவில்லை. உள்ளேயிருந்து சம்பந்தம் வந்தார். பனியனும் லுங்கியுமாக இருந்தார். அவரை யூனிபார்ம் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. கடிதத்தை வாங்கினார். பிரிக்கவில்லை.

"முழுசா எரிஞ்சிதா மேடம்?" என்று கேட்டார்.

"எரிஞ்சிட்டு."

"சாம்பல?"

"கம்பத்துக்குப் பின்னால, செடிப் பாத்தியில குழி தோண்டிப் பொதைச்சேன்."

"யாரும் மிதிக்கிற எடம் இல்லியே?"

"இல்ல."

கடிதத்தை, ஆணியில் தொங்கிய தன் சட்டையின் பையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் மனைவியிடம் கதவை முழுசாகத் திறக்கச் சொன்னார்.